கல்கத்தாவின் எலும்பு விழுங்கி

கொல்கத்தாவைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஹவுரா பாலமும் ரசகுல்லாவும் பின்னுக்குப் போய்விட்டன. விலங்குகளின் ஆங்கிலப் பெயர்களைப் பற்றித்தான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பதில்கள் எல்லாம் அவற்றுக்கே.

கே: கவர்னர் மாளிகைக் கூரையில் 'அட்ஜுடன்ட்'கள் வரிசையாக நின்றதாகப் பழைய கல்கத்தா பற்றிய புத்தகத்தில் படித்தேன். ராணுவ அதிகாரிகளுக்குக் கூரையில் என்ன வேலை?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: அதிகாரிகள் இல்லை அம்மா, நாரைகள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். இறக்கையை விரித்தால் எட்டடி. முடி உதிர்ந்த தலை, கோடரி போல் கனத்த அலகு, மார்புக்கு மேல் தொங்கும் செம்மஞ்சள் நிறப் பை. தமிழில் பெருநாரை என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் கோடையும் மழைக்காலமும் வந்தால் கல்கத்தாவுக்குக் கூட்டம் கூட்டமாக இறங்கும். 1803இல் கட்டி முடித்த கவர்னர் மாளிகையின் கைப்பிடிச் சுவர், நுழைவாயில் வளைவின் மேலிருக்கும் சிங்கச் சிலையின் தலை என்று உயரமான இடமாகப் பார்த்து நிற்கும். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓவியர்கள் கல்கத்தாவை வரைந்தபோது இந்தப் பறவையையும் விடாமல் வரைந்தார்கள்.

கே: நாரைக்கு ஏன் பட்டாளத்துப் பதவியின் பெயர்?
(ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர்)

ப: உங்களுக்குத் தெரியாத நடையா? அணிவகுப்பு மைதானத்தில் அட்ஜுடன்ட் எப்படி நடப்பார்? முதுகு விறைப்பாக, காலை எண்ணி எண்ணி வைத்து, யாரையும் பார்க்காதது போல எல்லாரையும் பார்த்துக்கொண்டு. இந்த நாரையின் நடையும் அப்படியே. கம்பெனிப் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் கண்ணெதிரே தினமும் நடந்த மனிதரின் பெயரைப் பறவைக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன். உதவுவது என்று பொருள். தளபதிக்கு உதவி செய்பவர் அட்ஜுடன்ட். வைத்தவர்கள் நடையை மட்டும் நினைத்து வைத்த பெயர் வேலைக்கும் பொருந்திப் போனது. செத்த மாடு, கசாப்புக் கடைக் கழிவு, ஆற்றங்கரையில் ஒதுங்கியது என்று நகரம் எடுத்துப் போடாத அத்தனையையும் எடுத்துப்போட்டது இந்தப் பறவைதான்.

கே: வங்காளிகள் அதை எப்படி அழைத்தார்கள்?
(பள்ளி ஆசிரியை, காட்பாடி)

ப: ஹாட்கிலா. 'ஹாட்' என்றால் எலும்பு, 'கிலா' என்றால் விழுங்குவது. எலும்பு விழுங்கி. அசாமில் ஹர்கிலா. ஆரம்பக் கால ஆங்கிலேயர்களே இந்தப் பெயரைத்தான் அவரவர் காதில் விழுந்தபடி 'ஆர்கலா', 'ஹர்கீலா' என்றெல்லாம் எழுதினார்கள். பிறகுதான் பட்டாளத்துப் பெயர் அதை ஓரம் கட்டியது.

என் ஓட்டு வங்காளப் பெயருக்கு. இந்தப் பறவை எலும்பைக் கொத்தித் தின்பதில்லை. அலகு நுனியில் கவ்வும், தலையை அண்ணாந்து ஒரு வீச்சு வீசும், முழு எலும்பும் தொண்டைக்குள் போய்விடும். கழுத்தில் அது இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். அதன் வயிற்று அமிலம் எலும்பையும் கரைக்கும். கழுத்துப் பையில்தான் தீனியைச் சேர்த்து வைக்கிறது என்று பலர் நினைத்தார்கள். அந்தப் பைக்கும் உணவுக்குழாய்க்கும் தொடர்பே இல்லை. அது மூச்சுப் பாதையோடு சேர்ந்த காற்றுப்பை.

இன்றும் வங்காளத்தில் எலும்பும் தோலுமாக இருப்பவரை 'ஹாட்கிலே' என்பார்கள். சொல்கிறவர்களில் பலர் அந்தப் பறவையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

கே: அறிவியல் பெயரிலாவது மரியாதை உண்டா?
(வாசகர், பட்டுக்கோட்டை)

ப: லெப்டோப்டிலாஸ் டூபியஸ். முதல் சொல்லுக்கு மெல்லிய இறகு, இரண்டாவதற்குச் சந்தேகத்துக்குரியது என்று பொருள். 1789இல் கெமலின் என்ற ஜெர்மானியர், பிறர் எழுதிய வர்ணனையை நம்பி வைத்த பெயர் அது.

கே: இதைக் கொன்றால் அபராதமாமே?
(வழக்கறிஞர், மதுரை)

ப: ஐம்பது ரூபாய். அன்றைய கல்கத்தாவில் ஒரு வேலைக்காரரின் பல மாதச் சம்பளம். ஊர் சுத்தத்துக்கு அந்த அளவுக்கு இதை நம்பியிருந்தார்கள். 1896இல் கல்கத்தா நகராட்சிக்குக் கிடைத்த சின்னத்தில் கேடயத்தின் இரு பக்கமும் நிற்பவை அட்ஜுடன்ட் நாரைகளே, அலகில் பாம்பைக் கவ்வியபடி. லண்டனுக்கு டிராகன், கல்கத்தாவுக்கு எலும்பு விழுங்கி. எனக்குத் தெரிந்து குப்பை அள்ளும் உயிருக்கு ஒரு நகரம் கொடுத்த மிகப்பெரிய மரியாதை அது. ஆனால் சின்னத்தில் ஏறிய காலத்திலேயே பறவை நகரத்தை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில் அதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கே: ஏன் போயிற்று?
(அதே வழக்கறிஞர்)

ப: மூன்று காரணம் சொல்லலாம். முதலாவது எல்லாரும் சொல்வது: ஊர் சுத்தமானது. 1859இல் நிலத்தடிச் சாக்கடை வேலை தொடங்கியது, குழாய்த் தண்ணீர் வந்தது, கழிவு தெருவில் கிடப்பது குறைந்தது. தீனி போனது.

இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தப் பறவைகள் கல்கத்தாவில் சாப்பிட்டனவே தவிர, குஞ்சு பொரித்தது இங்கே இல்லை. பர்மாவின் பெகு பக்கம் மலைப்பாறைகளிலும் பெரிய மரங்களிலும் கணக்கற்ற கூடுகள் இருந்ததை 1870களில் ஓட்ஸ் என்ற ஆங்கிலேயர் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் குடியிருப்பு பிறகு அழிந்தது. பிறந்த வீடு போனால் விருந்தாளி எங்கிருந்து வருவார்?

மூன்றாவது, ஆடம்பரம். இதன் வாலடியில் இருக்கும் பஞ்சு போன்ற வெள்ளை இறகு ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கும் சால்வைக்கும் போனது. 'கமர்காலி இறகு' என்று அதற்கு வியாபாரப் பெயர். இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் குமார்காளி என்ற ஊரின் பெயர்தான் அப்படித் திரிந்தது. ஐம்பது ரூபாய் அபராதம் கல்கத்தாவில் பறவையைக் காத்தது. குமார்காளியில் யார் காத்தார்கள்?

கே: கிப்ளிங் கதையில் இந்த நாரை ஐஸ் கட்டியை விழுங்குகிறதே, கல்கத்தாவில் அப்போது ஏது ஐஸ்?
(வாசகர், திருவல்லிக்கேணி)

ப: திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா? உங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஐஸ் ஹவுஸ்தான் பதில். பாஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1833இல் முதல் கப்பல் ஹூக்ளிக்கு வந்தபோது சுமார் நூறு டன் உருகாமல் மிஞ்சியிருந்தது. மெட்ராஸுக்கும் வந்து, மெரினாவில் 1842இல் அதற்குக் கிடங்கு எழும்பியது. பிற்பாடு விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம்.

கிப்ளிங்கின் 'தி அண்டர்டேக்கர்ஸ்' 1895இல் வந்த இரண்டாவது ஜங்கிள் புத்தகத்தில் இருக்கிறது. நாரை, நரி, முதலை மூன்றும் ஆற்றங்கரையில் பேசிக்கொள்ளும் கதை. எதையும் விழுங்கிப் பழகிய பறவை, ஐஸையும் விழுங்கிவிட்டுக் குளிர் தாங்காமல் ஆடியதாக அதில் வருகிறது. கதைதான். ஆனால் ஐஸ் கப்பல் நிஜம், கல்கத்தாத் துறையில் அதை வேடிக்கை பார்த்து நின்ற நாரையும் நிஜம்.

கே: அந்தக் கதையில் முதலைக்கு 'மக்கர்' என்று பெயர். ஆங்கிலத்தில் வழிப்பறிக்காரனுக்கும் அதே சொல்தானே? முதலை வழிப்பறி செய்வதாலா?
(பத்தாம் வகுப்பு மாணவர், தேனி)

ப: நல்ல ஊகம், ஆனால் தவறு தம்பி. முதலையின் பெயர் இந்தி 'மகர்', அதற்கு முன் சமஸ்கிருத 'மகரம்'. கோயில் மகர தோரணமும் மகர ராசியும் இதே வீடுதான். வழிப்பறிக்காரனின் பெயர் ஆங்கிலத்திலேயே பிறந்தது. இரண்டும் எழுத்தில் ஒன்றாகிப்போனவை, ரத்த சம்பந்தம் இல்லை.

கே: கரியால் முதலையை 'காவியால்' என்றும் எழுதுகிறார்களே?
(வாசகி, நாகர்கோவில்)

ப: கையெழுத்துப் பிழை. ஆண் முதலையின் மூக்கு நுனியில் பானை போன்ற ஒரு புடைப்பு இருக்கும். இந்தியிலும் வங்காளத்திலும் 'கடா' என்றால் பானை, அதிலிருந்து கடியால், கரியால். ஐரோப்பாவில் யாரோ 'ர' எழுத்தை 'வ' என்று வாசித்துவிட்டார்கள். அறிவியல் பெயர் இன்றைக்கும் காவியாலிஸ் என்றே நிற்கிறது.

கே: கொல்கத்தா வானில் எங்கு பார்த்தாலும் பருந்து. பழைய பறவை நூல்களில் ஒன்றுக்கு 'பிராமினி கைட்', இன்னொன்றுக்கு 'பறையா கைட்' என்று பெயர் பார்த்து மனம் கசந்தது. பறவைக்குமா ஜாதி?
(ஆய்வு மாணவர், சிதம்பரம்)

ப: கசக்க வேண்டிய விஷயம்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது நம்முடைய செம்பருந்து. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடல். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தின் மேல் வட்டமிட்டால் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது. இரண்டாவது ஊர்ப்பருந்து, கள்ளப்பருந்து என்றும் சொல்வோம். பழுப்பு நிறம், மீன் வால் போல் நடுவில் வெட்டுப்பட்ட வால், மீன் சந்தை மேலேயும் குப்பை மேட்டின் மேலேயும் சுற்றும். இரண்டும் ஹூக்ளி மேல் ஒரே காற்றில்தான் பறக்கின்றன. கும்பிடப்பட்டதைப் பிராமணன் என்றும், கழிவைத் தின்பதைப் பறையர் என்றும் ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். தெருநாய்க்கும் அதே சொல்லை வைத்தார்கள்.

அந்தச் சொல் நம் தமிழ்நாட்டிலிருந்து போனது. பறை என்ற இசைக்கருவியோடு இணைந்த ஒரு மக்களின் பெயர். ஐரோப்பிய மொழிகள் அதை எடுத்துக்கொண்டு 'ஒதுக்கப்பட்டவன்' என்பதற்குப் பொதுச்சொல் ஆக்கின. அடுத்த படியாக நாயின் மேலும் பருந்தின் மேலும் ஒட்டின. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்த இரண்டு உயிர்களும் தனித்தனித் தலைப்பாகவே இருக்கின்றன. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை ஆழமாகப் படித்தவர். படித்தவர்களுக்கே அது உறுத்தவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஊர்ப்பருந்தின் இந்திய வகைக்கு 1832இல் சைக்ஸ் என்ற பம்பாய்ப் பட்டாள அதிகாரி வைத்த அறிவியல் பெயர் 'கோவிந்தா'. ஒரே பறவை லத்தீன் ஏட்டில் கோவிந்தன், ஆங்கிலப் பேச்சில் தீண்டத்தகாதவன். நாரைக்குப் பட்டாளத்துப் பதவி, பருந்துகளுக்கு ஜாதிப் படி. யார் மேல், யார் கீழ் என்று வரிசைப்படுத்தாமல் அந்தக் காலத்து கல்கத்தா ஆங்கிலத்தால் ஒரு பறவையைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இன்றைய கையேடுகளில் அது 'பிளாக் கைட்'. நல்லது. நாய்க்கு மட்டும் பழைய பெயர் ஆங்கிலப் பத்திரிகைகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டு நாய் என்றோ தெருநாய் என்றோ எழுதினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. எழுதுகிறவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

கே: கொல்கத்தா கர்சன் பூங்காவில் எலிகளுக்குத் தீனி போடுவார்களாமே! அவை சாதாரண எலியா, பெருச்சாளியா?
(வாசகர், விருதுநகர்)

ப: அலுவலகம் போகிறவர்கள் நின்று பொரி போடுவது உண்மை. கொல்கத்தாவின் நிலத்தடியைக் குடைந்து வைத்திருப்பவை பெரும்பாலும் பெருச்சாளி இனம். அதில் ஒரு வகையின் அறிவியல் பெயரே பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். ஆங்கில 'பாண்டிகூட்' வங்காளச் சொல் இல்லை, தெலுங்கு. பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. மெட்ராஸ் ராஜதானியில் பிடித்த சொல்லைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய், அங்கே வயிற்றில் பையுள்ள, பெருச்சாளிக்கு எந்த உறவும் இல்லாத ஒரு பிராணிக்கும் வைத்துவிட்டார்கள்.

கே: ஹில்சா ஆங்கிலமா?
(மீன் வியாபாரி, தூத்துக்குடி)

ப: வங்காளம். இலிஷ் என்பது ஹில்சா ஆனது. நீங்கள் உல்லம் என்று விற்பீர்கள். மீன்கள் விஷயத்தில் ஒரு வெள்ளைக்காரரை மனமாரப் பாராட்ட வேண்டும். பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன், பாரக்பூரில் வெல்லெஸ்லி தொடங்கிய மிருகக் காட்சிசாலையைக் கவனித்தவர், கங்கை மீன்களைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்டார். மீனவர் சொன்ன பெயரையே லத்தீன் பெயராக்கினார்: ரோஹிதா, காத்லா, ம்ரிகலா, இலிஷா. கரியாஹாட் சந்தையில் கூவி விற்கும் பெயர் உலகத்து மீனியல் நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் நாரைக்குச் செய்யத் தவறியது இதுதான்.

கே: அனகோண்டா தமிழ்ச்சொல் என்பது நிஜமா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

ப: இலங்கையிலிருந்து போன சொல் என்பது வரை நிஜம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இலங்கைப் பாம்பின் பெயராக ஐரோப்பிய ஏட்டில் ஏறிவிட்டது. யானை கொன்றது என்ற தமிழ்த் தொடர் என்று யூல் சொன்னார். சிங்கள 'ஹெனகந்தயா' என்பாரும் உண்டு. தென் அமெரிக்காவில் அந்தப் பாம்பு இருக்கிறது, பெயர் மட்டும் நம் பக்கத்தது.

கே: பெயரில் என்ன சார் இருக்கிறது? பறவைக்குத் தெரியவா போகிறது?
(வாசகர், ஈரோடு)

ப: பறவைக்குத் தெரியாது, மரத்தின் சொந்தக்காரருக்குத் தெரியும். அசாமின் காமரூப் மாவட்டத்தில் தாதரா, பசாரியா என்று கிராமங்கள். வீட்டுக் கொல்லை மரத்தில் ஹர்கிலா கூடு கட்டினால் எச்சமும் அழுகல் நாற்றமும் வாசலுக்கு வரும். எலும்பு விழுங்கி, அபசகுனம் என்று மரத்தை வெட்டினார்கள். 2007இல் அப்படி வெட்டப்பட்ட ஒரு மரத்திலிருந்து குஞ்சுகள் விழுந்து கிடந்ததைப் பார்த்தார் பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியல் ஆய்வாளர். ஆய்வேட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களிடம் பேசப் போனார்.

அங்கே நடந்தது அழகு. கூடு கட்டும் காலத்தில் பெண்கள் ஒன்றுகூடி, வரப்போகும் குஞ்சுகளுக்காக வளைகாப்பு போன்ற ஒரு சடங்கு நடத்துகிறார்கள். கமோசாத் துண்டிலும் சேலையிலும் பறவையின் உருவத்தை நெய்து விற்கிறார்கள். தங்களை 'ஹர்கிலா படை' என்கிறார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். வசைச்சொல்லாக இருந்ததையே நெஞ்சில் பேட்ஜாகக் குத்திக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. பர்மனுக்கு 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது கிடைத்தது. அழியும் நிலையில் இருந்த இந்தப் பறவையைச் சர்வதேசச் சிவப்புப் பட்டியல் 2023இல் இரண்டு படி பாதுகாப்பான பிரிவுக்கு மாற்றியது. ஈரோட்டு அன்பரே, இவ்வளவும் ஒரு பெயர் தலை நிமிர்ந்ததால் நடந்தது.

கே: கொல்கத்தா போனால் இந்தப் பறவையைப் பார்க்க முடியுமா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

ப: கொல்கத்தாவில் கூட்டமாகப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கங்கையோடு மேலே போனால் பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில், கட்வா கிராமத்தைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அங்கே அதற்குப் பெயர் 'கருட்'. ஆமாம், விஷ்ணுவின் கருடன்! வாகனம் என்று சொல்லி ஊரே காவல் நிற்கிறது. கல்கத்தாவில் அட்ஜுடன்ட், வங்காளிக்கு எலும்பு விழுங்கி, பாகல்பூரில் கருடன். நமக்கோ கருடன் செம்பருந்து.

நிறையப் பார்க்க வேண்டுமானால் அசாம். ஹவுராவில் மாலையில் சராய்காட் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் காலை குவாஹாத்தி, அங்கிருந்து தாதரா பக்கம்தான். கூடு கட்டத் தொடங்குவது மழைக்காலம் முடிந்து, அக்டோபர் வாக்கில். குளிர்காலத்தில் போங்கள், மரத்தடியில் சத்தம் போடாதீர்கள், முடிந்தால் அந்தப் பெண்கள் நெய்த துண்டு ஒன்றை வாங்கி வாருங்கள்.